திங்கள்தோறும் வரும் துயர்

(சங்க ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் எமக்கு ஒதுக்கப்படும் பொருள் பெரும்பாலும் இலக்கியத்தை ஒட்டியதாகவே இருக்கும். இவ்வாண்டு மகளிர் பிரிவினர் எம்மை அழைத்து, "மாதவிலக்குக்கு முன் பெண்களுக்கு வரும் கடுமையான மனத்துயரைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்றபொழுது திகைத்தோம். "அதனைப் பேச ஒரு மருத்துவர் அல்லவா வேண்டும்? யாமோ பத்தாம் வகுப்புத் தேறிச் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தர்" என்றோம். "மருத்துவர் பேசினால் பெண்கள் மட்டும் கேட்பார்கள். நீங்கள் பேசினால் ஆண்களும் இருந்து கேட்பார்கள்" என்று விடையிறுத்தார்கள். அவ்விடையில் உண்மை இருந்தமையால் ஒப்புக்கொண்டோம். பின்வரிசையில் சிலர் எழுந்து காபி அருந்தப் புறப்படுவதைக் காண்கிறோம். இன்னும் அரைமணி நேரம் காபி சூடாகவே இருக்குமெனச் சமையற்பொறுப்பை ஏற்றுள்ள நண்பர் உறுதி கூறியிருக்கிறார். அமர்க.

தமிழில் மாதவிலக்கின் மூன்று நாட்களுக்குச் சொற்கள் பல. தூரம் என்பர், விலக்கு என்பர், தீட்டு என்பர், வெளியே இருக்கிறாள் என்பர். ஆனால் அதற்கு முந்திய ஏழு அல்லது பத்து நாட்களுக்கு நம் வீடுகளில் வழங்கும் சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. சொல் இல்லாத காரணத்தால் அந்நாட்களில் ஒரு பெண் படும் பாட்டுக்கு வேறு பெயர்கள் இடப்படுகின்றன. வாய்த்துடுக்கு, அடங்காமை, பிறந்த வீட்டுச் செல்லம், இன்னும் போனால் பேய், பில்லி, சூனியம். பெயர் தவறினால் வழியும் தவறும். சரக்குப் பெட்டியின்மேல் ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்டால் அப்பெட்டி எங்கெங்கு அலையும் என்பதை எம் அலுவலகத்தில் நாள்தோறும் காண்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். விலக்கு வருவதற்கு முன் மார்பு கனத்தல், வயிறு உப்புதல், சிறிது எரிச்சல், இனிப்பின்மீது ஆசை ஆகியவை பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓரளவில் உண்டு. அவை நோய் அல்ல. யாம் இன்று பேசப் புகுவது வேறு. கருமுட்டை வெளிப்பட்ட பின், ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் கழித்து விலக்கு வருகிறது. அந்தப் பதினான்கு நாட்களின் பிற்பகுதியில் ஒரு பெண்ணின் மனமே வேறு ஒன்றாக மாறிவிடுகிறது. காரணமின்றி அழுகை, அடக்கவொண்ணாச் சினம், நெஞ்சைப் பிசையும் அச்சம், எதிலும் பற்றின்மை, வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணம். விலக்கு வந்த ஓரிரு நாட்களில் மூட்டம் கலைந்ததுபோல் எல்லாம் நீங்கி அவள் பழைய பெண்ணாகிறாள். அடுத்த திங்களில் மீண்டும் அதே கதை. இதனை மாதவிலக்குக்கு முந்திய மனச்சோர்வுக் கோளாறு எனலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பில் இது தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பதினோராம் நோய்ப் பட்டியலிலும் இது உண்டு. அந்த அமெரிக்க நூலின் கணக்குப்படி, விலக்கு வரும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 1.8 முதல் 5.8 பேர் வரை இதனால் வருந்துகின்றனர். நம் குடியிருப்பில் அவ்வயதினர் இருநூறு பேர் எனக் கொண்டால், நால்வர் முதல் பன்னிருவர் வரை என்றாகிறது. நாம் தண்ணீர்க் குழாயடியிலும் மளிகைக் கடையிலும் நாள்தோறும் பார்க்கும் முகங்கள் அவை.

அவருள் ஒருவரை யாம் அறிவோம். அவர் இப்பொழுது கணவரின் பணிமாற்றத்தால் வேறு கோட்டத்திற்குச் சென்றுவிட்டார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறுகிறோம். "என் பெயர் வேண்டாம் அண்ணா, ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கூறினார்.

இரண்டு பிள்ளைகளின் தாய். தொடக்கப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் அன்பும் அண்டை வீட்டாரிடம் இன்சொல்லும் உடையவர். ஆயினும் மாதத்தில் எட்டு நாள், ஒன்பது நாள் அவ்வீட்டிலிருந்து பாத்திரங்கள் விழும் ஓசை கேட்கும். அவர் அழுவதும் கேட்கும். மாமியார் திண்ணையில் வந்து அமர்ந்துவிடுவார். கணவர், நல்லவர்தாம், இரண்டாம் முறை பணிக்குப் போகிறேன் என்று கூறி நிலையத்திலேயே இருந்துவிடுவார். ஒருநாள் மாலை அவ்வம்மையார் வீட்டைவிட்டு வெளியேறி இருப்புப்பாதையை நோக்கி நடந்தார். கடவுப்பாதைக் காவலர் ஒருவர் பார்த்து, "எங்கே தாயே, இந்த நேரத்தில்?" என்று கேட்டுத் தம் கொட்டகையில் அமர்த்தி, நீர் கொடுத்து, கணவருக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் அவருக்கு விலக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவர் பள்ளிக்குச் சென்று, வழக்கம்போல் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

அதன்பின் அலைச்சல் தொடங்கியது. முதலில் ஒரு கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியது விலக்கு முடிந்த வாரம் ஆகையால் பத்து நாட்கள் அமைதியாகவே கழிந்தன. கயிறு பலித்தது என்று மாமியார் தேங்காய் உடைத்தார். பதினோராம் நாள் பழையபடி ஆயிற்று. பின்னர் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தம் எடுத்து எல்லா ஹார்மோன்களையும் அளந்தார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. "எல்லாம் சரியாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று கூறி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல் கயிற்றைவிடத் தீங்கு செய்தது. கயிறு கட்டியவர்களாவது ஏதோ ஒன்று இருக்கிறதென்று ஏற்றுக்கொண்டார்கள்.

இரத்தச் சோதனை சரியாக இருக்கப் பெண் மட்டும் ஏன் இப்படித் துன்புறுகிறாள்? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் அறுபத்தேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஹார்மோன் என்னும் சொல்லை 1905-இல் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் என்னும் அறிஞர் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கினார். தூண்டுவது என்பது பொருள். நாம் இயக்குநீர் என்கிறோம். பெண்ணின் சினைப்பையிலிருந்து சுரப்பவற்றுள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டெரோன் என்னும் இரண்டும் தலையாயவை. 1931-இல் நியூயார்க் நகரத்து இராபர்ட் பிராங்க் என்னும் மருத்துவர், விலக்குக்கு முந்திய இந்த இறுக்கத்தைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதினார். சினைப்பைச் சுரப்பு உடலில் மிகுந்து தேங்குவதே காரணமென்று கருதிக் கடுமையான சிலருக்குச் சினைப்பையின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். 1953-இல் இலண்டனில் கேதரினா டால்டன் என்னும் பெண் மருத்துவரும் ரேமண்ட் கிரீன் என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையே இன்று எல்லாரும் வழங்கும் ஆங்கிலப் பெயரை இந்நோய்க்குத் தந்தது. டால்டன் அம்மையாருக்கே விலக்கையொட்டி ஒற்றைத் தலைவலி வந்துகொண்டிருந்தது. புரோஜெஸ்டெரோன் குறைவே காரணமென்று அவர் முடிவு செய்து, வாழ்நாள் முழுதும் அதனையே மருந்தாகக் கொடுத்து வந்தார். ஒருவர் மிகுதி என்றார், மற்றொருவர் குறைவு என்றார். அம்மையாரின் தொண்டு பெரிது. பெண்கள் கூறியதை நம்பியவர் அவர். ஆனால் அவர் மருந்தை 1990-இல் அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்தபொழுது, வெற்று மருந்தைவிட அது மேலான பயன் தரவில்லை என்று தெரிந்தது.

மிகுதியுமன்று, குறைவுமன்று என்றால் வேறென்ன? 1998-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசிய மனநல ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சுமித், டேவிட் ரூபினோ ஆகியோரின் குழு ஓர் அரிய சோதனையை வெளியிட்டது. அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் இப்பொருளின் திறவுகோல் அதுவே.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கட்டளை இட்டால்தான் சினைப்பை சுரக்கும். லியூப்ரோலைடு என்னும் ஊசிமருந்து அந்தக் கட்டளையை நிறுத்திவிடும். சினைப்பை உறங்கும். கடும் துயருடைய பெண்களுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். பத்துப் பேருக்குத் துயர் வெகுவாகக் குறைந்தது. இதனால் இயக்குநீருக்கும் துயருக்கும் தொடர்புண்டென்று உறுதியாயிற்று. அதன்பின் அதே பத்துப் பேருக்கும், இந்நோய் அறவே இல்லாத பதினைந்து பெண்களுக்கும், சினைப்பையை உறங்க வைத்த நிலையிலேயே, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டெரோனையும் தனித்தனியே வெளியிலிருந்து கொடுத்தார்கள். எது உண்மை மருந்து என்பது பெண்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நோயுடைய பத்துப் பேருக்கும் துயர் திரும்பி வந்தது. நோயற்ற பதினைந்து பேருக்கோ மனத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொடுத்த பொருள் ஒன்று, அளவும் ஒன்று. விளைவு மட்டும் இருவேறு!

எம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். சரக்கு அலுவலகத்தில் இரண்டு எடைப்பொறிகள் இருக்கின்றன என்று கொள்வோம. ஒரே மூட்டையை இரண்டிலும் வைக்கிறோம். ஒன்றில் முள் ஐம்பது கிலோவில் நிற்கிறது. மற்றொன்றில் முள் கடைசி வரை ஓடித் தட்டி நிற்கிறது. மூட்டையை எத்தனை முறை பிரித்து எண்ணினாலும் காரணம் கிடைக்காது. இரத்தத்தில் ஹார்மோனை அளப்பது மூட்டையை எண்ணுவதைப் போன்றது. நோய் இருப்பது முள்ளின் நுட்பத்தில்.

அந்த முள் எங்கே இருக்கிறது? புரோஜெஸ்டெரோன் உடலில் சிதைந்து அலோபிரெக்னனோலோன் என்னும் பொருளாகிறது. அது மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் ஏற்பிகளில் சென்று தங்கும். பெரும்பாலார்க்கு அதனால் அமைதி உண்டாகிறது. இப்பெண்களுக்கு மட்டும் அதே பொருள் கலக்கத்தைத் தருகிறது. சுவீடன் நாட்டில் பேக்ஸ்ட்ரோம் என்பார் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2017-இல் மேற்கூறிய அமெரிக்கக் கழகத்தினர், இப்பெண்களின் வெள்ளணுக்களில் ஒரு மரபணுத் தொகுதி பிறரிடமிருந்து வேறு வகையாகச் செயற்படுவதைக் கண்டனர். அவ்வாண்டிலேயே வேறொன்றும் தெரிந்தது. இயக்குநீரைக் குறையாமல் கூடாமல் மூன்று மாதம் ஒரே அளவில் கொடுத்து வந்தபொழுது, முதல் மாதத்தில்தான் துயர் வந்தது. அடுத்த மாதங்களில் தணிந்துவிட்டது. ஆகவே இம்மூளை வருந்துவது இயக்குநீரின் ஏற்ற இறக்கத்தால். அணுவளவில் காணக்கூடிய ஒன்றை மனப்பிரமை என்று கூறியவர்கள் இதனைப் படித்திருக்க வேண்டும்.

இனி, ஒரு பெண்ணுக்கு இந்நோய் உண்டா இல்லையா என்று அறிவது எப்படி? இரத்தச் சோதனை உதவாது, எச்சில் சோதனையும் உதவாது. வெள்ளணுவில் கண்டதைக் கொண்டு நோயறியும் சோதனை ஒன்றும் இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை. ஹார்மோன் தொகுப்புச் சோதனை என்று விளம்பரம் செய்து பணம் வாங்குவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தைராய்டு, இரத்தச்சோகை ஆகியவற்றிற்கான சோதனைகள் வேறு. அவற்றாலும் இத்தகைய சோர்வு வரக்கூடும் ஆதலின், மருத்துவர் அவற்றைக் கேட்டால் செய்துகொள்ளவே வேண்டும்.

உண்மையான சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பேனாவும் ஒரு நாட்காட்டியும். இரண்டு மாதங்கள், ஒவ்வோர் இரவும், அன்றன்றைய நிலையை எண்ணால் குறிக்க வேண்டும். ஒன்று என்றால் இல்லை, ஆறு என்றால் மிகக் கடுமை. சினம், துயரம், அச்சம், உறக்கம், உடல்நோவு, வீட்டிலும் வேலையிலும் நேர்ந்த இடையூறு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விலக்கு வந்த நாட்களுக்கு ஒரு புள்ளி. அன்றன்று குறிப்பதே முறை. மாதக் கடைசியில் நினைவுபடுத்தி எழுதினால், ஒரு பெரிய சண்டை நடந்த நாள் மாதம் முழுவதையும் மறைத்துவிடும். நிலையப் பதிவேட்டில் வண்டி வந்த நேரத்தை வண்டி வந்தவுடன்தானே எழுதுகிறோம்? மாலையில் உத்தேசமாக எழுதினால் மேலதிகாரி விடுவாரா?

அந்த ஆசிரியை அம்மையாருக்கு இவ்வழியைக் காட்டியவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் எழுதும் சமையலறை நாட்காட்டியிலேயே அம்மையார் எண்களையும் குறித்து வந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், பள்ளியில் அப்பொழுதுதான் வரைபடம் கற்றுக்கொண்டிருந்தவன், அவ்வெண்களை வரைபடத் தாளில் ஏற்றினான். இரண்டு மாதம் முடிந்தபொழுது அத்தாளில் இரண்டு மலைகளும் அவற்றினிடையே ஒரு சமவெளியும் தெரிந்தன. ஒவ்வொரு மலையும் சரியும் இடத்தில் விலக்கின் புள்ளி இருந்தது. மருத்துவர் அதனைப் பார்த்து, "அம்மா, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை" என்றாராம். மாமியார் அத்தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், "நானும் இப்படித்தான் இருந்திருப்பேன் போலும்" என்று மெல்லக் கூறினார் என்றும் கேள்விப்பட்டோம்.

சமவெளி இல்லாமல் மாதம் முழுதும் மேடாகவே இருந்து, விலக்குக்கு முன் மேலும் உயர்ந்தால் அது வேறு நோய். அடியில் ஒரு மனச்சோர்வு நிலையாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மருத்துவமும் வேறு. இதனைப் பிரித்துக் காட்டுவதே அந்த ஏட்டின் பெரும்பயன். ஏட்டைப் பார்த்தும் ஐயம் தீராவிடின், யாம் முன்னே கூறிய லியூப்ரோலைடு, அல்லது கோசரெலின் போன்ற ஊசியை இரண்டு மூன்று மாதங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. துயர் நீங்கினால் இயக்குநீரின் நுண்ணுணர்வே காரணமென்பது உறுதி. நீங்காவிடின் வேறு காரணத்தைத் தேட வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் துயர் சிறிது கூடவும் செய்யும். அதற்கு அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. இது மகப்பேற்று மருத்துவரின் நேர்ப்பார்வையில் நடக்க வேண்டியது.

மருத்துவத்திற்கு வருவோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் முதல் நிலையில் உள்ளவை. புளுவாக்செட்டினை இந்நோய்க்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றது 2000-ஆம் ஆண்டில். சாதாரண மனச்சோர்வில் இவை வேலை செய்ய நான்கு வாரம், ஆறு வாரம் ஆகும். இந்நோயிலோ சில நாட்களிலேயே பயன் தெரிகிறது. ஆகையால் மாதம் முழுதும் உண்ண வேண்டியதில்லை. கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து விலக்கு வரும் வரை உண்டு நிறுத்தலாம். இது மருத்துவ உலகிலேயே வியப்பான செய்தி. நோயே பாதி மாதம், மருந்தும் பாதி மாதம்! உண்போரில் பாதிக்கு மேற்பட்டோர் நலம் பெறுகின்றனர். குமட்டல், உறக்கக் குறைவு, இல்லற நாட்டக் குறைவு ஆகியவை பக்கவிளைவுகள். அவற்றை மருத்துவரிடம் மறைக்க வேண்டுவதில்லை. நம் வீடுகளில் இம்மாத்திரைக்குப் பைத்திய மாத்திரை என்று பெயரிட்டு ஒளித்து வைக்கிறார்கள். சர்க்கரை நோய் மாத்திரையை உணவு மேசையின்மீது வைக்கிறோம். இரண்டுக்கும் யாம் வேற்றுமை காணவில்லை.

கருத்தடை மாத்திரைகளுள் டிரோஸ்பிரினோன் அடங்கிய வகை ஒன்று, இருபத்து நான்கு நாள் மருந்தும் நான்கு நாள் வெற்று மாத்திரையுமாக அமைந்தது, 2006-இல் இந்நோய்க்கும் ஏற்கப்பட்டது. ஏற்ற இறக்கத்தைத் தடுப்பதே அதன் வழி. குருதி உறைவு வரலாறு உள்ளவர்களுக்கும், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆகாது. கடைத்தெருவில் தாமே வாங்கி உண்ணலாகாது.

ஊசியை நீட்டித்தால் துயர் நிற்கும், ஆனால் முப்பது வயதில் ஐம்பது வயதின் நிலை வரும். உடல் தகிக்கும், எலும்பு தேயும். அதற்கு ஈடாக ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டெரோனையும் ஒரே அளவில் சேர்த்துக் கொடுப்பர். எல்லாம் செய்தும் பயனில்லாத மிகச் சிலருக்கே சினைப்பைகளை அகற்றும் அறுவை மருத்துவம். ஊசிச் சோதனையில் பயன் தெரிந்த பின்னரே அதனை எண்ண வேண்டும். வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று போனவர்களுக்கெல்லாம் கருப்பையை எடுத்துவிடும் வழக்கம் நம் நாட்டுச் சிற்றூர்களில் இருந்து வருவதை நாளிதழ்களில் படிக்கிறோம். கருப்பையை மட்டும் எடுத்தால் விலக்கு நிற்கும், இந்நோய் நிற்காது. சுரப்பது சினைப்பை அன்றோ?

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்பார்கள். 1998-இல் சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் என்பாரும் பிறரும் நானூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துப் பார்த்தனர். மூன்றாம் மாதத்தில் விலக்குக்கு முந்திய தொல்லைகள் நூற்றுக்கு 48 பங்கு குறைந்தன. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் 30 பங்கு குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிதமான தொல்லைக்கு இது உதவும். கடுமையான நோய்க்கு இதுவே போதாது. பெங்களூரில் வாழும் நமக்குக் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கன்னட நண்பர்களின் களியை ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். பி6 உயிர்ச்சத்து மாத்திரையும் சிலர் கொடுப்பர். அதனை அளவுக்கு மீறி உண்டால் கைகால் நரம்புகள் கெடும்.

ஆசிரியை அம்மையாருக்கு முதலில் கொடுத்த மருந்து ஒத்துவரவில்லை. குமட்டலால் இரண்டு வாரத்தில் நிறுத்தினார். இரண்டாவது மருந்து ஒத்துவந்தது. முழுதும் நீங்கிவிட்டதா என்று கேட்டோம். "இல்லை அண்ணா. மலை இருக்கிறது, சின்ன மலையாக. ஆனால் வருவது தெரிகிறது. வீட்டாருக்கும் தெரிகிறது" என்றார். அந்நாட்களில் கணவர் இரவுப்பணியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பெரிய முடிவு எதனையும் அந்த வாரத்தில் எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றனர்.

ஆடவர்களுக்கு ஒரு சொல். இந்நோயை அறிந்துகொண்டோம் என்பதற்காக, மனைவி சினந்து பேசும்போதெல்லாம் "உனக்குத் தேதி நெருங்கிவிட்டது" என்று கூறி வாயடைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். சம்பளத்தில் பாதி எங்கே போயிற்று என்று மனைவி கேட்டால், அது மாதத்தின் ஐந்தாம் நாளில் கேட்டாலும் இருபத்தைந்தாம் நாளில் கேட்டாலும் நேர்மையான கேள்விதான். விடை சொல்லியே ஆக வேண்டும்.

நீதிமன்றமும் இப்பொருளைத் தொட்டிருக்கிறது. 1981-இல் இராசத்தானில் ஒரு பெண் மூன்று குழந்தைகளைக் கிணற்றில் தள்ளினார் என்றும், அவற்றுள் ஒன்று இறந்தது என்றும் வழக்கு. கீழ்நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2018-இல் அம்மாநில உயர் நீதிமன்றம், விலக்குக்கு முந்திய கடும் மனக்கோளாறு அவருக்கு இருந்ததென்னும் மருத்துவச் சான்றுகளைக் கருதி அவரை விடுவித்தது. இத்தீர்ப்பைப் படித்தபொழுது எமக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. துயரை நீதி அறிந்தது என்பது ஒன்று. இந்நோயுள்ள பெண்கள் பிறருக்குத் தீங்கு செய்பவர்கள் என்று மக்கள் எண்ணிவிடுவார்களே என்பது மற்றொன்று. உண்மையில் இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிறர்க்குத் தீங்கு செய்வதில்லை. தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணமே இவர்களுக்கு வரும் பேரிடர். அந்தக் குழந்தை இறந்தது 1981-இல். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு நாட்காட்டியைக் கொடுத்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, பணிபுரியும் பெண்களுக்கு மாதம் ஒரு நாளாக ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. பீகார் அரசு 1992-இலேயே தன் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. வரவேற்கத்தக்கவை. ஆயினும் யாம் பேசிய நோயாளிக்கு விடுப்பு மிகவும் வேண்டிய நாட்கள் விலக்குக்கு முந்தியவை. விலக்கு வந்தபின் அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது.

எங்கே போவது என்று இறுதியாகக் கேட்பீர்கள். முதலில் நம் ரயில்வே மருத்துவமனை. அங்கிருந்து மேல் மருத்துவத்திற்குச் சீட்டுப் பெறலாம். 1935 முதல் இந்நகரத்துப் பெண்களுக்குப் பணியாற்றி வரும் வாணி விலாஸ் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர்கள் இருக்கின்றனர். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, 1974-இல் இன்றைய உருவம் பெற்று, நாடு முழுவதிலுமிருந்தும் நோயாளர் நாடி வரும் இடம். அசாமிலிருந்து இரண்டு இரவு வண்டியில் பயணம் செய்து அங்கே வருகிறார்கள். நம்மவரோ அரைமணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்துகொண்டு, யாராவது பார்த்துவிட்டால் என் செய்வது என்று அஞ்சுகிறோம்! செல்ல முடியாதவர்கள் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு உதவி அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், இரவிலும் பேசலாம். சாவைப் பற்றி ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னால் ஏட்டை எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

மகளிர் பிரிவினர் இரண்டு மாதங்களுக்கான கட்டமிட்ட தாள்களை அச்சிட்டு, வாயிலருகே பந்தி நடக்கும் இடத்திற்குப் போகும் வழியில் மேசைமீது வைத்திருக்கிறார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை, யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பாரும் இல்லை. எத்தனை தாள் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். பின்வரிசை நண்பர்களே, காபிக்குச் செல்லும் வழியும் அதுவே.